மஸ்கட் கம்பெனியில் நைட்டிக்கு சீல் வாங்கியது

1. கேட்

எங்கள் எட்டுப் பேரையும் முதல் நாளே கேட்டில் நிறுத்திவிட்டார்கள். வாட்ச்மேன் எங்களைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். திருப்பியவர் திருப்பியதுதான். சுவரைப் பார்த்துக்கொண்டே கையை மட்டும் ஆட்டி, போ போ என்றார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஏனென்றால் அன்றைக்கு நாங்கள் எட்டுப் பேரும் பெட்டியில் இருந்ததிலேயே நல்ல புடவையைத்தான் கட்டியிருந்தோம். கட்டச் சொன்னதே நான்தான்.

அப்போது எனக்கு நாற்பது வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஒன்பது வருஷம் செக்கராக இருந்தேன். தைத்து வருகிற சட்டையை மேஜையில் விரித்து அளவு, தையல், பட்டன், காஜா எல்லாம் பார்க்க வேண்டும். சரியாக இருந்தால் பாஸ், இல்லையென்றால் ரிஜெக்ட். நான் பாஸ் போட்ட சட்டை ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன். சொல்வதற்கு எனக்கு உரிமை உண்டு.

மஸ்கட்டிலிருந்து பஸ்ஸில் மூன்று மணி நேரம் போனால் ஒரு சின்ன ஊர். அங்கே புதிதாக ஒரு தையல் கம்பெனி திறந்து, எங்கள் பக்கம் வந்து பெண்களை வேலைக்கு எடுத்தார்கள். தொண்ணூறுகளின் ஆரம்பம் அது. எட்டுப் பேரில் நான் மூத்தவள் என்பதால் என்னை லீடர் என்று போட்டார்கள்.

புறப்படும் முன் ஏஜென்ட் எங்களைக் கள்ளிக்குப்பத்தில் ஒரு மாடி ரூமில் உட்காரவைத்துப் பாடம் நடத்தினான்.

"இதோ பாருங்கம்மா, அது வேற நாடு. ஒடம்பு தெரியக் கூடாது. நீளமா, லூசா, மேக்ஸி மாதிரி தெச்சி எடுத்துக்கினு போங்க. பொட்டு கிட்டு வெச்சிக்கினு போய் நிக்காதீங்க. புடிச்சி உள்ள போட்ருவான்."

மேக்ஸி என்று அவன் சொன்னது எங்களுக்கு நைட்டிதான். ஆளுக்கு மூன்று தைத்துக்கொண்டோம். ஆனால் வேலைக்குப் போகிற முதல் நாள் நைட்டியிலா போவது? நான் ஒத்துக்கொள்ளவில்லை. "புடவைக்கு மேல மரியாதையான துணி ஒலகத்துலயே கெடையாது. கட்டுங்கடி" என்று அதட்டிக் கட்டவைத்தேன். ஏஜென்ட் பயமுறுத்திய பொட்டையும் எல்லோருக்கும் வைத்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ஓர் அம்மா வந்தார். மரியம் மேடம். முதலாளி வீட்டுப் பெண்மணி. லேடீஸ் செக்‌ஷன் முழுக்க அவர் பொறுப்பு. பூப்போட்ட நீளமான அங்கி, கணுக்காலில் இறுக்கிப் பிடித்த பேன்ட், தலையைச் சுற்றித் துணி. ஹிந்தி பேசினார். எங்களில் கஸ்தூரி ஒருத்திக்குத்தான் ஹிந்தி தெரியும். அவள் சேக்காட்டுக்காரி. ஆவடி குவார்ட்டர்ஸில் வடநாட்டுக்காரர்கள் வீடுகளில் வேலை செய்து கற்றுக்கொண்டது.

மேடம் என் இடுப்புப் பக்கம் விரலை நீட்டி ஏதோ சொன்னார்.

"அக்கா, இடுப்பு தெரியுதாம்."

"எங்கடி தெரியுது?"

"ஜாக்கெட்டுக்கும் கொசுவத்துக்கும் நடுவுலதான்க்கா."

"அது இடுப்பு தெரியறது இல்லடி. புடவை கட்டுனா அந்த எடம் அப்டித்தான் இருக்கும். அந்தம்மாவுக்கு சொல்லு."

"இத்த நான் எப்டிக்கா ஹிந்தில சொல்றது?" என்றாள்.

அவள் சொல்லவில்லை. நாங்கள் ரூமுக்குத் திரும்பினோம்.

2. குடம் எங்கே?

திரும்பப் போனபோது நைட்டியில் போனோம். மேலே துண்டு.

அந்தத் துண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் நைட்டியோடு தெருவுக்கு வந்தால் வெட்கம். அதே நைட்டியின் மேல் ஒரு குற்றாலத் துண்டைப் போட்டுக்கொண்டால் முழு டிரஸ். பால் பூத்துக்குப் போகலாம், ரேஷன் கடைக்குப் போகலாம், பிள்ளையைப் பள்ளிக்கூட வாசல் வரைக்கும் கொண்டுபோய் விடலாம். யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். அந்த நினைப்பில் எட்டுப் பேரும் எட்டுத் துண்டு போட்டுக்கொண்டு வரிசையாக நின்றோம்.

மரியம் மேடம் துண்டைப் பார்த்தார். எங்கள் தலைமுடியைப் பார்த்தார். மறுபடி துண்டைப் பார்த்தார். உள்ளே விட்டுவிட்டார். வாட்ச்மேனும் சுவரை விட்டுத் திரும்பினார்.

பத்து மணிக்குப் புரொடக்‌ஷன் மேனேஜர் மாணிக்கம் சார் லைனுக்கு வந்தார். நம்ம ஊர்க்காரர்தான். ஆவடி குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்து, படித்து, டை கட்டுகிறவர். எங்களைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னம்மா இது? தண்ணி லாரி வந்திருச்சா? குடம் எங்க?"

அந்தப் பக்கம் லைனில் இருந்த ஆண் டெய்லர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது.

"சார், அந்த மேடம்தான் புடவை வேணாம்னு..."

"மேடத்துக்கு என்ன தெரியும்? அவங்க ஊர்ல இது கவுன். நம்ம ஊர்ல இது நைட்டி. நாளைக்கு சட்டை வாங்கற பையர் வந்து நின்னா, கூட வர்ற பம்பாய்க்காரன் என்ன நெனப்பான்? மெட்ராஸ் லேடீஸ் தூங்கி எழுந்து மூஞ்சிகூடக் கழுவாம வந்துட்டாங்கம்பான். மானம் போகுதும்மா எனக்கு. நாளையிலேருந்து புடவை. நல்லா இழுத்து மூடி, பின் குத்திட்டு வாங்க."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவர் சிரிக்க வைத்தது எனக்குப் பிடிக்கவில்லை. அவர் சொன்னது பிடித்திருந்தது. நானும் முதலிலேயே புடவை என்றுதானே சொன்னேன்? படித்த மனிதர் ஒருவர் என் பக்கம் பேசிவிட்டார் என்று மறுநாள் காலை நானே ஒவ்வொருத்தியாக நிறுத்தி, ஆளுக்குப் பதினொரு ஊக்கு குத்திவிட்டேன். கழுத்தில் இரண்டு, தோளில் இரண்டு, மீதி எல்லாம் இடுப்பைச் சுற்றி. கேட்டில் மரியம் மேடம் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, வேண்டாவெறுப்பாகத் தலையை ஆட்டி உள்ளே விட்டார்.

3. மஞ்சள் தாள்

மிஷினில் உட்கார்ந்து தைக்கிறவர்களுக்கு அதன் பிறகு ஒரு தொந்தரவும் இல்லை. உட்கார்ந்துவிட்டால் மேஜை மறைத்துவிடும். நான் செக்கிங் மேஜையில் நிற்பேன், ஆனால் கையைத் தூக்குகிற வேலை எனக்குக் கிடையாது. மாட்டிக்கொண்டது கஸ்தூரி ஒருத்திதான்.

அவளுக்கு பண்டல் வேலை. கட்டிங்கிலிருந்து வருகிற துண்டுகளைக் கட்டாகக் கட்டி, தலைக்கு மேலே இருக்கிற ரேக்கில் ஏற்றி வைக்க வேண்டும். காலையிலிருந்து சாயந்தரம் வரை இரண்டு கையும் மேலே, கீழே. கை மேலே போகும்போதெல்லாம் ஜாக்கெட்டும் கூடவே மேலே போகும். ஊக்கு துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து நிற்கும். ஒரு சாண் இடுப்பு பளிச்சென்று தெரியும். ரேக்குக்கு அந்தப் பக்கம் அந்த ஊர் ஆண்கள் ஸ்டோர் வேலை செய்தார்கள்.

அன்று மதியமே மரியம் மேடம் அவள் கையில் ஒரு மஞ்சள் தாளைக் கொடுத்தார். வார்னிங். மூன்று மஞ்சள் தாள் வாங்கினால் பாஸ்போர்ட்டைக் கையில் கொடுத்து விமானம் ஏற்றிவிடுவார்கள். இது வந்த முதல் நாளே எங்களுக்குச் சொல்லிய சங்கதி.

சாயந்தரம் கஸ்தூரி என்னிடம் வந்தாள்.

"அக்கா, நா நைட்டியே போட்டுக்கிறேன்க்கா. மேடம் அத்த ஒண்ணும் சொல்லல இல்ல?"

"மாணிக்கம் சார் சொல்வாரே."

"அவரு வாய்லதான சொல்வாரு. மேடம் தாள்ல எய்திக் குடுக்குது."

"எங்கூட வந்தவ நைட்டியோட லைன்ல நிக்கக் கூடாது. ஜாக்கெட்ட கீழ இய்த்து வுட்டு, கொசுவத்த ஏத்திக் கட்டு. நா இத்தினி வருசமா புடவையிலதான் வேல செஞ்சேன். எனக்கு எவளாவது தாள் குடுத்தாளா?"

நான் ரேக்கில் பண்டல் ஏற்றியதே இல்லை என்பது அப்போது எனக்கு நினைவுக்கு வரவில்லை. அவள் அதைச் சொல்லிக்காட்டவும் இல்லை. நான் லீடர். சொன்னபடி கொசுவத்தை ஏற்றிக் கட்டிக்கொண்டு போனாள். மூன்றாம் நாள் இரண்டாவது மஞ்சள் தாள் வந்துவிட்டது.

அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. கட்டிலில் உட்கார்ந்து இரண்டு தாளையும் மடியில் வைத்திருந்தாள். என்னடி என்று கேட்டேன்.

"வேல போனா போவட்டும்க்கா. அத்தப் பத்தி இல்ல. புருசன் உட்டுட்டுப் போனவ நானு. அண்ணன் ஊட்லதான் கீறேன். திரும்பிப் போனன்னா எங்கண்ணி வாசல்லயே நிக்க வெச்சி கேப்பா, அங்க இன்னாடி பண்ணிட்டு வந்தேன்னு. டிரெஸ்ஸு செரியில்லன்னு அனுப்சிட்டாங்கன்னு நா சொன்னா சேக்காடு பூரா இன்னா பேசும்? எப்டி ஆடிக்கினு இருந்தாளோன்னுதான பேசும்? புடவை கட்னதுக்கு அனுப்சிட்டாங்கன்னு சொன்னா எவளாவது நம்புவாளா? நீ நம்புவியாக்கா?"

நான் நம்பியிருக்க மாட்டேன். அம்பத்தூரில் உட்கார்ந்துகொண்டு அப்படி ஒரு கதையைக் கேட்டிருந்தால் நானும்தான் ஒரு மாதிரி சிரித்திருப்பேன். முதல் தாளுக்கு நான் பொறுப்பில்லை. இரண்டாவது தாள் என் வாயால் வந்தது.

மறுநாள் டீ நேரத்தில் மாணிக்கம் சாரிடம் போனேன்.

"சார், அந்தப் பொண்ணுக்கு ரெண்டு தாள் ஆய்ப்போச்சி. நீங்க மேடம் கிட்ட ஒரு வார்த்தை பேசக் கூடாதா?"

"அவங்க செக்‌ஷன்ல நான் தலையிட முடியாதும்மா."

"அப்ப நைட்டி போட்டுக்கினு வரட்டும்."

"அது என் லைன். அதை நான் அலவ் பண்ண முடியாது."

"ரூல் தாள்ல இன்னாதான் சார் போட்டுக்கீது?"

நான் எழுத்துக் கூட்டித் தமிழ் படிப்பேன், இங்கிலீஷ் தெரியாது. அவர் டிராயரிலிருந்து எடுத்துப் படித்தார். "டீசென்ட் டிரஸ்னு போட்டிருக்கு."

"டீசென்ட்னா?"

"டீசென்ட்னா டீசென்ட்டும்மா. உங்களுக்குத் தெரியாதா? நைட்டி டீசென்ட் இல்ல."

"மேடத்துக்கு?"

"அவங்களுக்குப் புடவை டீசென்ட் இல்ல."

"அப்ப இந்தப் பொண்ணு எத்த சார் போட்டுக்கினு வரும்?"

"நீங்கதானேம்மா லீடர். நீங்கதான் பார்க்கணும்."

எனக்குத் தலை வெடித்துவிடும் போல இருந்தது. கேட்டில் ஒருத்தர் ஒன்று சொல்கிறார், லைனில் ஒருத்தர் ஒன்று சொல்கிறார், கள்ளிக்குப்பத்து மாடியில் ஒருத்தன் வேறொன்று சொல்லி அனுப்பினான். நானும் என் பங்குக்கு ஒன்று சொன்னேன். நாலு பேர் நாலு விதமாகச் சொல்லி, தாள் வாங்கியது ஒருத்தி. படா பேஜார் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே என் மேஜைக்கு வந்தேன்.

மேஜையில் ஒரு சட்டைச் சண்டை நடந்துகொண்டிருந்தது. காலர் அரை இஞ்ச் பெரிசு என்று ஒரு டெய்லர், கட்டிங்கில் அப்படித்தான் கொடுத்தார்கள் என்று இன்னொருவன். எங்கள் வேலையில் இதற்கெல்லாம் நின்று கத்த மாட்டோம். சீல் சாம்பிளை எடுத்து வா என்போம். பையர் பார்த்து, சரியென்று கையெழுத்துப் போட்டு, அட்டை கட்டி, அட்டையில் சீல் வைத்துக் கொடுத்த ஒரே ஒரு சட்டை அது. பத்தாயிரம் சட்டை தைத்தாலும் அந்த ஒன்றைப் பார்த்துத்தான் தைக்க வேண்டும். அது மாதிரி இருந்தால் பாஸ். மேனேஜரே வந்து நின்றாலும் சீல் சாம்பிளுக்கு மேல் பேச முடியாது.

சாம்பிளை மேஜையில் விரித்துக் காலரை அளந்தேன். டேப் கையில் இருக்கும்போதே எனக்குச் சுரீரென்றது. ஒன்பது வருஷம் சாம்பிள் இல்லாமல் ஒரு பட்டனைக்கூட பாஸ் பண்ணாதவள், இந்த ஊருக்கு வந்து எட்டுப் பேருக்குச் சாம்பிள் கேட்காமல் டிரஸ்ஸைப் பாஸ் பண்ணிவிட்டேன்.

4. சாம்பிள்

சாப்பாட்டு நேரத்தில் கஸ்தூரியை இழுத்துக்கொண்டு மரியம் மேடத்திடம் போனேன்.

"கேளுடி. இன்னா டிரெஸ்ஸு போட்டா செரின்னு வாயில சொல்ல வேணாம். துணியா ஒண்ணு காட்டச் சொல்லு. அத்தப் பாத்து அதே மாதிரி தெச்சிக்கிறோம்னு சொல்லு."

கஸ்தூரி பயந்து பயந்து சொன்னாள். மேடம் சிரித்தார். வந்த நாளிலிருந்து அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். ஏதோ கேட்டார். கஸ்தூரிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"இன்னாடி சொல்றாங்க?"

"அக்கா, அன்னிக்கு நைட்டி நல்லாத்தான் இருந்துச்சாம். கையி மட்டும் முழுசா இருக்கணுமாம், கழுத்து ஏறி இருக்கணுமாம். ஆனா துண்டு எதுக்குன்னு கேக்கறாங்க. எட்டுப் பேரும் குளிச்சிட்டு, தலகூட துவட்டாம நேரா வேலைக்கு வந்துட்டீங்களான்னு அன்னியிலேந்து நெனச்சிக்கினு இருந்தாங்களாம். கேட்டா நாம வருத்தப்படுவோம்னு கேக்கலயாம்."

மானத்துக்காகப் போட்ட துண்டு! அதைப் பார்த்துத்தான் அந்த அம்மா எங்கள் தலைமுடியைப் பார்த்திருக்கிறார், ஈரமா என்று. கோபப்படுவதா சிரிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. கோபம்தான் வந்தது, எங்கள் மேலேயே. அவரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. நடுவில் இரண்டு மஞ்சள் தாள்.

பொட்டைப் பற்றியும் கேட்டுவிட்டேன். வைத்துக்கொள் என்று கையைக் காட்டிவிட்டு, என் நெற்றியில் இருந்த ஸ்டிக்கர் பொட்டு எப்படி ஒட்டுகிறது என்று கேட்டார். ஏஜென்ட்டை மனசுக்குள் நன்றாகத் திட்டினேன்.

வியாழக்கிழமை மேடம் தன் பழைய அங்கி ஒன்றையும் பேன்ட் ஒன்றையும் பையில் போட்டுக் கொடுத்தார். வெள்ளி எங்களுக்கு லீவு. காலையிலேயே ரூமில் துணியை விரித்துவிட்டேன். கஸ்தூரியின் நைட்டி ஒன்றை எடுத்துக்கொண்டேன். இன்னொரு நைட்டியின் கீழ்ப் பாகத்தை வெட்டி இதற்கு முழுக்கை வைத்தேன். கழுத்தை ஏற்றிக் காலர் பட்டை கொடுத்தேன். அவளுடைய உள்பாவாடையை நடுவில் பிளந்து பேன்ட் ஆக்கினேன். பாவாடை நாடாவே பேன்ட்டுக்கும் ஆயிற்று. தலைக்குப் போட, கை வெட்டியதில் மிஞ்சியதை ஓரம் அடித்துக் கொடுத்தேன். பொழுது சாய்வதற்குள் முடிந்துவிட்டது. எட்டுப் பேருக்கும் ஊசி பிடிக்கத் தெரியும். முதல் நாளே செய்திருந்தால் ஒரு பகல் வேலை.

சனிக்கிழமை காலை தைத்ததை மடித்து மேடத்தின் மேஜையில் வைத்தேன். கூடவே எங்கள் செக்கிங் மேஜையில் இருக்கிற சாம்பிள் அட்டை ஒன்று, பேனா ஒன்று. மேடம் கை நீளம் பார்த்தார், கழுத்து பார்த்தார், உள்ளே திருப்பித் தையலைக்கூடப் பார்த்தார். தேர்ந்த செக்கர் போலத்தான் பார்த்தார். கையெழுத்துப் போட்டார். அட்டையைக் கட்டி சீல் வைத்து, எங்கள் லைன் முன்னால் ஹேங்கரில் மாட்டிவிட்டேன். மேடத்தின் அங்கியை மடித்துத் திருப்பிக் கொடுத்தேன். நல்லவேளை, கஸ்தூரியிடம் மூன்றாவது நைட்டி ஒன்று மிச்சம் இருந்தது. அதற்கும் அதே கை, அதே கழுத்து, அதே பேன்ட் வைத்து முந்தின நாளே முடித்திருந்தேன். அதைப் போட்டுக்கொண்டு அவள் வேலைக்கு நின்றாள்.

பத்து மணிக்கு மாணிக்கம் சார் வந்தார்.

"என்ன தனம்மா, மறுபடியும் நைட்டியா? எத்தனை தடவை சொல்றது?"

"சீல் சாம்பிள் சார்" என்று ஹேங்கரைக் காட்டினேன்.

அவர் கிட்டே போனார். அட்டையைத் திருப்பினார். கையெழுத்தைப் பார்த்தார். இருபது வருஷம் சீல் சாம்பிளைக் காட்டியே டெய்லர்களை விரட்டிய மனிதர். டையைச் சரி பண்ணிக்கொண்டார். "காலர்லயாவது ஒரு பைப்பிங் வெச்சிருக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அந்த வாரத்திலேயே எட்டுப் பேரும் அது மாதிரி தைத்துக்கொண்டோம். புடவை பெட்டியில் இருந்தது. வெள்ளிக்கிழமை ரூமுக்குள் கட்டிக்கொள்வோம். அதனால் என் மரியாதையில் ஒரு நூல்கூடக் குறையவில்லை.

இப்போது சிங்கப்பூர் போகிறேன், குவைத் போகிறேன் என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் என்னிடம் வந்து, எந்த டிரஸ் எடுத்துக்கொண்டு போகட்டும் என்று கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது என்கிறேன். இங்கே உட்கார்ந்து சொல்கிற யாருக்கும் தெரியாது. அந்த ஊரில் கால் வைத்ததும், அந்த ஊர்ப் பொம்பளை ஒருத்தியிடம் போய், எதைப் போட்டால் உங்களுக்குச் சரி, ஒன்று காட்டுங்கள் என்று கேளுங்கள். கேட்டால் கிரீடம் இறங்கிவிடாது. எனக்கு இறங்கிவிடும் என்று நினைத்துக்கொண்டு ஒரு வாரம் கேட்காமல் இருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை சார் போன பிறகு கஸ்தூரி என் மேஜைக்கு வந்து நின்றாள். அழுவாள், காலில் விழுவாள் என்று நினைத்தேன்.

"ஏன்க்கா, இத்த மொத நாளே கேட்டுருந்தா எனக்கு ரெண்டு தாளும் வந்துருக்காது இல்ல?" என்றாள்.

ஆமாண்டி என்று சொல்லியிருக்க வேண்டும். "வேல கெடக்கு, போய் பண்டல தூக்குடி" என்றேன்.

போனாள். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, பண்டலை ரேக்கில் ஏற்றி வைத்தாள். செக்கர் கண்ணோடு பார்த்தேன். ஒரு விரல்கடை கூடத் தெரியவில்லை.